பச்சைத் துணிக்குள் இருந்தது

"இதுக்கு மேல இன்னா கீது?"

மூன்று மாடி ஏறிவந்த மூச்சு அடங்குவதற்குள், தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார் அந்த அம்மா. கையில் பச்சைப் பட்டுத் துணியில் சுற்றிய மூட்டை. அதைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார்.

"மொட்டை மாடிங்க. தண்ணித் தொட்டி இருக்கு."

"ஆளுங்க நடமாட்டம்?"

"எப்பவாவது பிளம்பர் ஏறுவார்."

"செருப்பு போட்டுக்கினு ஏறுவானா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். கடிதத்தை லேமினேட் செய்து கொண்டுவருகிறவர்களைக் கண்டால் வரும். தாத்தாவின் டைரியில் தாத்தாவைத் திட்டியிருக்கும் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுத் தருகிறவர்களைக் கண்டால் வரும். அம்பத்தூரில் இருக்கும் இந்தச் சின்ன அறக்கட்டளை நூலகத்தின் மூன்றாவது மாடியில் பத்தொன்பது வருடமாக ஊரார் வீட்டுக் கடிதங்களை அடுக்கிவைக்கிற எனக்கு, பிளம்பரின் செருப்புக்கெல்லாம் பதில் சொல்லப் பொறுமை இல்லை.

ஆனால் அவர் விளக்கிச் சொன்னதும் கோபம் இறங்கிவிட்டது. பெயர் லத்தீஃபா. பூந்தமல்லியில் நாற்பது வருடம் இருந்த வாடகை வீட்டை உரிமையாளர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார். இப்போது ஐயப்பன்தாங்கலில் மகனோடு நாலாவது மாடி ஃபிளாட். மேலே இன்னும் இரண்டு மாடிகள் இருக்கின்றன. "தலைக்கு மேல ஆளுங்க நடக்கிறாங்க. துணி தொவைக்கிறாங்க. அதுக்குக் கீழ இத்த எப்டி வெக்கிறது? இது பெரியவங்க எழுதி வெச்ச ஓதுற ஏடு. எங்க முப்பாட்டன் காலத்துது. பேரப் பசங்களுக்குக் காய்ச்சல் வந்தா தலைமாட்டுல வெப்பேன், எறங்கிடும்."

பூந்தமல்லி, ஆவடி என்று கடைசி மாடியில் இருக்கிற நூலகமாகத் தேடி அலைந்து எங்களைக் கண்டுபிடித்திருக்கிறார். எங்களுடைய புகழைக் கேட்டு வந்தவர் என்று நினைத்த நான் ஒரு நொடி அசடு வழிந்தேன்.

எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எது வந்தாலும் கொண்டுவந்தவர் கண்ணெதிரிலேயே பிரித்து, தாள் எண்ணி, மூலையில் பென்சிலால் எண் போட்டு, படிவத்தில் 'முதல் இரண்டு வரிகள்' என்ற கட்டத்தை நிரப்பவேண்டும். ஏன் இரண்டு வரி என்றால், பழைய காகிதங்களில் முதல் வரி கடவுளுக்குப் போய்விடும். பிள்ளையார் சுழியோ, சிலுவையோ, எழுநூற்று எண்பத்தாறோ இருக்கும். எழுதியவரின் சொந்தக் குரல் இரண்டாவது வரியில்தான் தொடங்கும்.

"பிரிக்கணுமா?" லத்தீஃபா அம்மா பயந்துபோனார். "எங்க ஊட்ல ஒருத்தரும் பிரிச்சதில்ல. தொட்டாலே எங்க அத்தா அடிப்பாரு."

"உங்களுக்கு ஓதத் தெரியும்தானே? நீங்களே படிங்க. எனக்கு அந்த எழுத்து தெரியாது."

அவர் வராந்தாக் குழாயில் கை, வாய், முகம், கால் எல்லாம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். துணியை அவிழ்த்தார். மங்கிய மஞ்சள் தாள்கள். வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்து, நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. எங்கள் அறையில் தாள் பறக்கும் என்று ஃபேன் போடமாட்டோம். வெயில் திரைச்சீலையில் வடிந்து உள்ளே விழும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அந்த அறையில் கடிகாரம் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது.

முதல் வரியைக் கணீரென்று ஓதினார். பிஸ்மில்லா. எனக்கே தெரிந்தது.

இரண்டாவது வரியில் தடுக்கினார். "இந்த எழுத்துக்கு இன்னாத்துக்கு அடியில புள்ளி? இந்த மாதிரி நான் பாத்ததில்லியே." விரலைத் தாளில் படாமல் மேலாகவே நகர்த்தி, எழுத்தெழுத்தாகக் கூட்டினார். அர்த்தம் தெரியாமல் ஒலியை மட்டும் படிக்கிற பழக்கம். சின்ன வயதில் மதரசாவில் கற்றது.

"இங்... கு... யா... வரும்... சுகம்."

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அரபியில இப்டி வருமா?"

"தெரியாதுங்க. எனக்குத் தமிழாதான் கேட்டுச்சு."

மறுபடி குனிந்தார். "கொல்லையில்... முருங்கை... காய்த்ததா... கதீஜா... எழுதவும்."

வெளியே தெருவில் ஒரு குக்கர் விசிலடித்தது. யாரோ மூன்றாவது ஆள் அறைக்குள் வந்து, தோட்டத்தை விசாரித்துவிட்டு, பதிலுக்காக நிற்கிற மாதிரி இருந்தது.

நூலகர் ஜேம்ஸ் சாரைக் கூப்பிட்டேன். ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். "அரபுத்தமிழ் மேடம். எழுத்து அரபி, பேச்சு நம்ம தமிழ். அந்தக் காலத்துல நிறைய முஸ்லிம் பெண்களுக்கு ஓதக் கத்துக்கொடுத்தாங்க, தமிழ் எழுத்து கத்துக்கொடுக்கல. அதனால புருஷன் அவங்களுக்குத் தெரிஞ்ச எழுத்துலயே எழுதியிருக்கார். இது கடிதங்கள்."

கதீஜா யார் என்று கேட்டேன். முப்பாட்டி என்றார் லத்தீஃபா அம்மா. முப்பாட்டன் காசிம் பெஜவாடாவில், இன்றைய விஜயவாடாவில், தோல் கிடங்கில் வேலை பார்த்தவராம். ஆக, இந்தக் குடும்பம் நாலு தலைமுறையாகப் பட்டுத்துணியில் சுற்றி, பரண் உச்சியில் வைத்து, காய்ச்சலுக்குத் தலைமாட்டில் வைத்து வணங்கியது ஒரு புருஷனின் முருங்கைக்காய் விசாரணையை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"அப்ப இது வேதம் இல்லியா?" என்றார். பிறகு மெதுவாக, "இது மேல கைய வெச்சிதாம்மா என் தம்பி சத்தியம் பண்ணான்."

தம்பி பெயர் ஜாகிர். பூந்தமல்லியில் ஆட்டோக்களுக்கு சீட் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருடம் முன்பு ஒரு மே மாதம், விடியற்காலைத் தொழுகை நேரத்தில் அவர்களுடைய அம்மா, மகள் லத்தீஃபாவின் வீட்டில் இறந்துபோனார். ஜாகிர் ரெக்சின் வாங்கக் கர்னூல் போயிருந்தார். வெயில் காலம், மய்யித்தை வைத்திருக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால் சாயங்காலத்துக்குள் அடக்கம் முடிந்தது. ஜாகிர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, மூன்று பிடி மண் போடவில்லை.

"எனக்காக ஒரு ரெண்டு மணி நேரம் நீ நிறுத்தி வெச்சிருக்கக் கூடாதான்னு கேட்டான். நான் இன்னா சொல்ல? உள்ள பூந்து, இந்த மூட்டைய எடுத்து, கைய வெச்சி, இனிமே உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு பூட்டான். அவ்ளோதான். கல்யாணத்துல பாப்போம், பேசுவோம். பெருநாளைக்குப் பசங்ககிட்ட பிரியாணி குடுத்தனுப்புவான். ஊட்டுக்கு மட்டும் வந்ததில்ல."

"நீங்க கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"எப்டிம்மா கூப்புடுவேன்? வேதத்து மேல பண்ண சத்தியம். பள்ளிவாசல் அசரத்தக் கேட்டேன். பரிகாரம் கீது, பத்து ஏழைங்களுக்குச் சோறு போடணும், ஆனா அத அவனா மனசு வந்து செய்யணும்னாரு. நான் கூப்ட்டா எனக்காக அவன் ஒடச்சிடுவான். பாவம் அவன் தலையில எறங்கும். அதான் வாய மூடிக்கினு இருந்தேன்."

"இப்பதான் தெரிஞ்சுபோச்சே, சத்தியமே செல்லாதுன்னு! இன்னிக்கே போன் பண்ணுங்க" என்றேன். என் சுபாவம் அப்படி. எனக்கு எல்லாம் உடனே நடக்கவேண்டும்.

அவர் தலையை ஆட்டினார். "ரெண்டு மாசம் முன்னாடிதான் அவனுக்கு நெஞ்சுல ஸ்டென்ட்டு வெச்சாங்க. இப்ப போயி, நீ ஒரு முருங்கைக்காய்க்குப் பயந்துதான் இருபத்திரண்டு வருஷம் வராம இருந்தன்னு சொன்னா, அவன் தாங்குவானா? சொல்லலன்னா, இப்டியே என் ஊட்ட மிதிக்காமலே போயிடுவான். எது நல்லதுன்னு தெரியல புஷ்பா."

அவர் பக்கம் நகர்த்தியிருந்த போனைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் லத்தீஃபா அம்மா வந்தார். அவர் கூட்டிக் கூட்டிப் படிப்பார், நான் தமிழில் எழுதிக்கொள்வேன். அவர் படிக்கிற முறையில் எல்லா வாக்கியமும் ஓதுகிற ராகத்தில் வரும். 'பச்சரிசி விலை ஏறிவிட்டது' என்பதைக்கூட அவர் கண்ணை மூடி இழுத்துப் படித்தால் ஆமீன் சொல்லத் தோன்றும். காசிம் எழுதுகிறார்: இங்கே ஆற்றங்கரையில் நடந்து போகும்போது யாரோ உன் மாதிரி இருமினார்கள், திரும்பிப் பார்த்தேன். இன்னொன்றில்: நீ அனுப்பிய ஊறுகாயைக் கிடங்கில் வைத்துத் தின்றேன், தோல் நாற்றத்தை அது ஜெயித்துவிட்டது.

வேப்பம்பட்டுக்குத் திரும்புகிற ரயிலில் எனக்குக் கண் சொருகும். ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று நிலையங்கள் வந்து வந்து போகும். தண்டவாள ஓர வீடுகளின் கொல்லையில் முருங்கை மரம் தெரிந்தால், கதீஜா அங்கே தொரட்டியோடு நிற்பார். காய்த்திருக்கிறது என்று எப்படி அவருக்கு எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன். எந்த நூற்றாண்டு என்றே நினைவிருக்காது. இரண்டு தடவை செவ்வாப்பேட்டை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

என் பரம்பரையில் யாரும் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. என் அப்பா வேம்புலி இந்த அம்பத்தூர் ஃபேக்டரிகளில்தான் சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தார். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் யாருடைய வயலிலோ குனிந்தே இருந்தார்கள். அதனாலேயோ என்னவோ, அடுத்தவர் வீட்டுக் கடிதங்களை நான் கொஞ்சம் திருட்டுத்தனமாக என்னுடையதாக்கிக்கொள்வேன். லத்தீஃபா அம்மாவுக்கு அது தெரிந்திருக்கவேண்டும். ஒரு நாள், "உன் முப்பாட்டன் இன்னிக்கு இன்னா எழுதிகிறாரு பாக்கலாம் வா" என்று என்னைக் கிண்டல் செய்தார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இடைஞ்சல் படிவத்தால்தான் வந்தது. குடும்பச் சொத்தாக வருகிற எதற்கும் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும். கதீஜாவின் கொல்லையில் சுற்றிக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன். ஜேம்ஸ் சார் கேட்டபிறகுதான் சொன்னேன்.

லத்தீஃபா அம்மா முகம் வெளுத்தது. "அவன் இங்க வந்தா தெரிஞ்சிடுமே?"

"கையெழுத்து இல்லாம வாங்க முடியாதும்மா. திருப்பித்தான் தரணும்."

தாள்களை ஒழுங்காக அடுக்கித் துணியில் சுற்றினார். பிறகு பட்டறை முகவரியைச் சொன்னார். "அனுப்பு. எப்டியாவது ஒரு நாள் தெரியத்தான போவுது. ஆனா மொதல்ல நான்தான் அவனுக்குச் சொல்லணும். அடுத்த வியாழக்கெழம முடிச்சிட்டு நானே நேராப் போறேன்." படிவத்தைத் தபாலில் அனுப்பினேன். நிதானமாக வந்து சேரும் என்று நம்பினேன். நம் தபால்காரர்கள் தேவையில்லாத நேரத்தில் சுறுசுறுப்பாகிவிடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை மழை வருகிற மாதிரி மூடியிருந்தது. அறை முழுக்க ஒரு சாம்பல் வெளிச்சம். கடைசிக் கட்டிலிருந்து ஒரு கடிதம் படித்துக்கொண்டிருந்தார் லத்தீஃபா அம்மா. அதன் நடுவில் செல்லரித்த பெரிய ஓட்டை, நாலு விரல் அகலம்.

"பெருநாளைக்கு... வர இயலவில்லை. நீ பதில் போடாததிலிருந்து... உன் கோபம் தெரிகிறது. கோபம்... உன்னிடமே இருக்கட்டும். ஆனால்..." நிறுத்தினார். "ஓட்ட கீது. அதுக்கப்புறம், 'எனக்கே தெரியாது'ன்னு முடியுது."

நான் பேனாவை வைத்தேன். இரண்டு வரி போயே போய்விட்டது. மூன்று புள்ளி போட்டு, 'சிதைவு' என்று எழுதவேண்டியதுதான்.

"கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போடாதே. எந்த ரயிலில் வருவேன் என்று எனக்கே தெரியாது."

குரல் வாசலில் இருந்து வந்தது. குள்ளமான ஒரு மனிதர் நின்றிருந்தார். நரைத்த தாடி, சட்டைப் பையில் கத்தரிக்கோல், கையில் எங்கள் படிவம். மாடி ஏறிய களைப்பில் நிலையைப் பிடித்திருந்தார். கண் எங்களைப் பார்க்கவில்லை. ஓட்டைக்குள் போயிருந்த வரிகளைப் பார்க்கிற மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"ஜாகிரு" என்றார் லத்தீஃபா அம்மா.

"நான் படிக்கும்போது ஓட்ட இல்லக்கா." உள்ளே வந்து, இருந்த இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். "பன்னெண்டு வயசு. பரண்ல குளவி கூடு கட்டிடுச்சின்னு அத்தா என்ன ஏத்திவுட்டாரு, ஞாபகம் கீதா? அன்னிக்கு மூட்டைய அவுத்தேன். ஒரு லீவு முழுக்க, நீங்க தூங்குறப்ப ஏறி ஏறிப் படிச்சேன். இது அந்தாளு கோச்சிக்கினு இருந்த பொண்டாட்டிக்கு எழுதனது. இந்த ஒண்ணு மட்டும் மனப்பாடம் ஆயிடுச்சி. சொன்னா அத்தா தோல உரிச்சிருப்பாரு, அதான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

நான் எழுந்து வெளியே போயிருக்கவேண்டும். போகவில்லை. எனக்குக் கேட்கவேண்டியிருந்தது.

"அப்ப அன்னிக்கி..." லத்தீஃபா அம்மா தாளைக் கீழே வைத்தார். "இது வேதம் இல்லன்னு தெரிஞ்சிக்கினேதான் கைய வெச்சியா?"

"அதனாலதான் இதுமேல வெச்சேன்." ஜாகிர் படிவத்தை நாலாக மடித்துக்கொண்டே இருந்தார். "கோவம்னா அப்டி ஒரு கோவம். குர்ஆன் ஷெரீபு பக்கத்துலயே கீது. கை அதுக்குத்தான் போச்சி. எடுத்துட்டா திரும்பி வர முடியாதேன்னு ஒரு நிமிஷம் தோணிச்சி. கைய மாத்தி இத்த எடுத்தேன். நாப்பதாம் நாளு பாத்திஹாவுக்குள்ள நீ கூப்புடுவ, வந்துடலாம்னு நெனச்சேன். கூப்புடல. பெருநாளைக்குக் கூப்புடுவன்னு பாத்தேன். என் பொண்ணுக்குக் கொழந்த பொறந்தப்ப பாத்தேன். இப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தியே, போறப்ப ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன். ஒரே ஒரு தபா கூப்ட்டிருந்தா வந்திருப்பேன்கா."

"கூப்ட்டா வந்துடுவன்னுதான்டா நான் கூப்புடல!"

அவர் கத்தியதில் கீழ்மாடியில் ஜேம்ஸ் சார் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. லத்தீஃபா அம்மா தம்பியின் தோளில் கையை மடக்கிக் குத்தினார். வலிக்கிற குத்து இல்லை. இரண்டு, மூன்று தடவை. "உன் தலையில பாவம் எறங்கக் கூடாதுன்னுதான்டா பாவி, ஒவ்வொரு தடவையும் நாக்கக் கடிச்சிக்கினு இருந்தேன்."

யார்மீதாவது கோபப்படலாம் என்றால் எனக்கு ஆளே கிடைக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்லதையே நினைத்து, இருபத்திரண்டு வருடத்தை இரண்டு தெருவுக்கு நடுவில் தொலைத்திருந்தார்கள். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. கண்ணீர் தாளில் விழக்கூடாதே என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு அழுதேன்.

முதலில் ஜாகிர்தான் பேசினார். சின்னப் பையன் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அம்மா எங்கக்கா படுத்திருந்துச்சி? நடு ரூம்லயா, சன்னலாண்டயா? அந்த எடத்துல ஒரு தபா உக்காந்து பாக்கணும்னு இருந்தேன்."

"சன்னலாண்ட."

"போன மாசம் அந்தப் பக்கம் போனேன். ஊட்ட இடிச்சிட்டாங்களே."

ஜன்னலுக்கு வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. லத்தீஃபா அம்மா முக்காட்டு நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எழுந்து, தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்த எடம் பூட்சி ஜாகிரு. நான் கீறேன். வா, ஊட்டுக்கு."

ஜாகிர் எழுந்திருக்கவில்லை. பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தபா சொல்லுக்கா" என்றார்.